கச்சானுக்கு என்ன வாங்கிறது

நாலு கிலோ இருநூறு கிராம்.
தராசில் நிக்கமாட்டன் எண்டு அவன் அடம்பிடிச்சதால்
என்னோடு சேர்த்து நிறுத்து
என்னைக் கழிச்சு எடுத்த எடை.
என்ர எடையும் அந்த அறையில்
எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

"காய்ஞ்ச தீன் பல்லுக்கு நல்லம்" எண்டார் டொக்டர் தர்சானந்தன்.
பேந்து, கையைக் கழுவிக்கொண்டே,
"ரின் சாப்பாட்டில ஈரமிருக்கு, சலம் போறதுக்கு நல்லம்."
அப்ப எது எண்டு கேட்டன்.
"உங்கட வசதியைப் பாத்துச் செய்யுங்கோ."

வசதி.
இரவு கல்குலேற்றரோடு இருந்தன்.
ரின் ஒண்டு, ஒண்டேகால் நாள்.
பை ஒண்டு, பத்தொன்பது நாள்.
ஊராற்ற கடனைத் தவணையாய் உடைச்சுச் சம்பளம் எடுக்கிறவளுக்கு
இது ஒரு கணக்கே?
ஆனால் சலம் எண்டாரே.
எழும்பிப் போய்க் கேத்திலுக்குள் பார்த்தன்.
கொக்குவில் கிணறு ஒரு மாசமாய்த் தந்த சுண்ணாம்பு
நகத்தால் சுரண்ட
முட்டைக்கோது மாதிரிக் கழண்டு வந்தது.
அதே தண்ணிதான் அவன்ர கோப்பையிலும்.
இவ்வளவு சின்ன உடம்புக்குள்
ஒரு கல் எங்க போய் இருக்கும்?

கஸ்தூரியார் வீதிக் கடையில்
சவர்க்காரத்துக்கும் நுளம்புத்திரிக்கும் நடுவில் ஒரு தட்டு.
பையில் ஒரு நாய் ஆற்றயோ நாட்டுப் புல்லில் ஓடுது.
ரின்னில் நாயே இல்லை.
மாடு நிக்குது,
கொம்போடு, வடிவான கண்ணோடு.

நல்லூரில் கொடியேறி ஆறாம் நாள்.
கீழ்வீட்டு யோகாம்பிகை அக்கா
மச்சச் சட்டி எல்லாத்தையும் கொட்டிலுக்கு அனுப்பியாச்சு.
மேல்வீட்டை எனக்குத் தரும்போதே சொன்னவ:
"நாய் என்னத்தையும் தின்னட்டும் பிள்ளை.
மாடு மட்டும் என்ர படி ஏறக் கூடாது."

கந்தோர்ப் பையின் அடியில், கோவைகளுக்குக் கீழ்
ஏத்தினன்.
குளியலறையில் வைச்சு லேபிளை நனைச்சு உரிச்சன்.
பேரில்லாத ஒரு வெள்ளி ரின்.
மூடியை இழுத்ததுதான் தாமதம்,
மணம் எனக்கு முன்னம் படியிறங்கிப் போனது.
கொஞ்ச நேரத்தில் கீழிருந்து சாம்பிராணி.
அக்கா ஒண்டும் கேக்கேல்லை.
படியின் நடுவில் எங்கயோ
இரண்டும் ஒண்டையொண்டு விலத்திப் போயிருக்கும்.

கச்சான் தின்னுறான்.
கோப்பையைத் தள்ளித் தள்ளிச் சுவர் மட்டும் கொண்டுபோய்
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு,
கூப்பிட்டால் காது கூட அசையாமல்.
நக்கி முடிச்ச கோப்பையில்
என்ர முகம் தெரிஞ்சது.
மிச்சத்தைப் பிறிஜ்ஜில் வைச்சன், தயிருக்குப் பக்கத்தில்.
தயிரை நான் பிறகு தொடேல்லை.

அடுத்த கிழமை பை.
பார்த்தால் தோட்டத்தில் விளைஞ்ச சாமான் மாதிரி.
மாடோ கோழியோ, அரைச்சு உருட்டினால்
ஒருத்தருக்கும் முகம் இல்லை.
"என்ன பிள்ளை, விதையோ?" எண்டா அக்கா.
"ஓமக்கா" எண்டன்.
வாயில் வந்திட்டுது.

கோப்பையை மணந்தான், என்னைப் பார்த்தான்.
பேந்து ஒரே ஒரு உருண்டையைப் பல்லில் கவ்வி
அறை முழுக்க நடந்து வந்து
என்ர காலடியில் போட்டான். டொக்.
அங்க இருந்து கடிச்சான்.
திரும்பப் போனான்,
இன்னொண்டு.
நான் எண்ணினன், முப்பத்தொரு தரம்.
ரின்னை இப்பிடிக் காவ ஏலாது.

இதை டொக்டர் சொல்லேல்லை.
கல்குலேற்றரில் இதுக்குப் பொத்தானும் இல்லை.

பைதான் இப்ப.
அவனுக்குப் போத்தல் தண்ணி, எனக்குக் கிணறு.
மிச்சம் பிடிச்ச காசு போத்தலில் போகுது.
பல் எப்பிடியோ, சலம் எப்பிடியோ,
அடுத்த மாசம் திரும்பவும் நிறுக்க வேணும்,
நானும் ஏற வேணும்.

விடிய எழும்பிக் காலை வைக்க
ஒண்டு குத்தினது.
கட்டிலடியில், செருப்புக்குப் பக்கத்தில்,
கடியாத ஒரு முழு உருண்டை.
மறந்ததோ, எனக்கெண்டு வைச்சதோ.
குனிஞ்சன்.
எறும்பு முந்தியிட்டுது.